விளையாடும் கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டை உருவாக்கலாமே!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில் முதல் மாதம் ஒரு மாதிரி இருக்கும். மூன்றாவது மாதம் வேறு மாதிரி ஆகிவிடும். முதல் மாதத்தில் வீட்டிற்கு வருபவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டுவோம். மூன்றாவது மாதத்தில், "இதை ஏன்தான் வாங்கினோமோ?" என்ற பேச்சு தொடங்கிவிடும். காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். பையன் கேம்ஸ் விளையாட உட்கார்ந்தால் எழுந்திருப்பதில்லை.

என் அக்கா வீட்டிலும் இதே கதைதான். பிளஸ் ஒன் படிக்கும் மகனுக்குப் படிப்புக்கு உதவும் என்று சேமிப்பில் இருந்து பணம் எடுத்து வாங்கிய கம்ப்யூட்டர் அது. அரையாண்டுத் தேர்வு மதிப்பெண்கள் வந்த அன்று அக்கா ஒரு முடிவு எடுத்தார். கீபோர்டையும் மவுஸையும் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். மானிட்டர் மட்டும் துணி போர்த்தியபடி மேஜையில் நின்றது. "நீதானே வாங்கச் சொன்னாய்? நல்ல விலைக்கு யாராவது கேட்டால் சொல்லு, கொடுத்து விடலாம்" என்று எனக்குப் போன் வந்தது.

இந்த மாதிரி நேரத்தில் நமக்குத் தெரிந்த வழிகள் இரண்டு. ஒன்று பூட்டி வைப்பது. இன்னொன்று கண்டும் காணாமல் விட்டுவிடுவது. இரண்டுமே பலன் தராது என்பது என் அனுபவம். பூட்டினால் பையன் நண்பன் வீட்டிற்குப் போய் விளையாடுவான். விட்டுவிட்டால் கேட்கவே வேண்டாம். எனவே மூன்றாவது வழி ஒன்றை இங்கே சொல்ல விரும்புகிறேன். விளையாடுகிறவனை ஒரு விளையாட்டை உருவாக்கச் சொல்லுங்கள். பெரிதாக வேண்டாம். மிக மிகச் சிறியதாக, புள்ளி புள்ளியாகத் தெரியும் ஒரு சின்ன விளையாட்டு. அதற்கு ஒரு கடைசித் தேதியும் வேண்டும். அந்தத் தேதியைத் தருவதுதான் கேம் ஜாம்.

கேம் ஜாம் என்றால் என்ன?

ஜாம் என்றவுடன் ரொட்டியில் தடவுவதை நினைக்க வேண்டாம். இசைக் கலைஞர்கள் முன்கூட்டித் திட்டமிடாமல் ஒன்றுகூடி வாசிப்பதை ஜாம் என்பார்கள். அதே பாணியில், குறிப்பிட்ட நேரத்திற்குள் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டை உருவாக்கி முடிப்பதுதான் கேம் ஜாம். 2002ஆம் ஆண்டு மார்ச் மாதம் அமெரிக்காவின் ஓக்லண்ட் நகரில் சில புரோகிராமர்கள் கூடி நடத்திய நிகழ்ச்சிக்கு இண்டி கேம் ஜாம் என்று பெயர் வைத்தார்கள். அதே ஆண்டு ஏப்ரலில் ஜெஃப் ஹவ்லேண்ட் என்பவர் லூடம் டேர் என்ற போட்டியை இணையம் வழியாகத் தொடங்கினார். இதில் தனி ஆளாகக் கலந்து கொள்பவருக்கு 48 மணி நேரம்தான் கெடு. தலைப்பு போட்டி தொடங்கும்போதுதான் அறிவிக்கப்படும். படம், ஒலி, புரோகிராம் எல்லாவற்றையும் அவரே அந்த நேரத்திற்குள் செய்திட வேண்டும். 2009ஆம் ஆண்டு முதல் குளோபல் கேம் ஜாம் என்ற நிகழ்ச்சியும் பல நாடுகளில் நடத்தப்பட்டு வருகிறது.

இவற்றில் பரிசுப் பணத்திற்காக யாரும் வருவதில்லை. லூடம் டேரில் ஜெயித்தவருக்குக் கிடைப்பது அவர் செய்த விளையாட்டுதான். "இதற்கா இரண்டு நாள் தூக்கத்தைக் கெடுத்துக் கொள்கிறார்கள்?" என்று கேட்கலாம். வீட்டில் தொடங்கிய எத்தனையோ வேலைகள் பாதியில் நிற்கின்றன. முடிந்தாலும் முடியாவிட்டாலும் ஞாயிற்றுக்கிழமை இரவு அனுப்பியாக வேண்டும் என்றால், வேலை எப்படியோ முடிந்துவிடுகிறது. முடித்துப் பழகுவதுதான் இதில் கிடைக்கும் பரிசு.

புள்ளிகள் குறைந்தால் என்ன லாபம்?

குறைந்த ரெசல்யூசன் ஜாம் என்று ஒரு வகை இருக்கிறது. லோரெஸ்ஜாம் என்ற பெயரில் நடப்பது இதில் புகழ் பெற்றது. விதி ஒன்றுதான்: விளையாட்டின் திரை 64 × 64 பிக்ஸெல்களுக்கு மேல் போகக் கூடாது. அதாவது மொத்தம் 4,096 புள்ளிகள். உங்கள் மேஜையில் இருக்கும் முழு எச்.டி. மானிட்டரில் 1920 × 1080, அதாவது 20 லட்சத்து 73 ஆயிரத்து 600 புள்ளிகள் உள்ளன. அதில் சுமார் ஐநூறில் ஒரு பங்குதான் உங்களுக்கு அனுமதி. பார்ப்பதற்கு வசதியாக ஒவ்வொரு புள்ளியையும் பெரிதாக்கிக் காட்டலாம். 16 மடங்கு பெரிதாக்கினால் 1024 × 1024 என்று மானிட்டரின் உயரத்திற்குள் அழகாக உட்காரும்.

இது ஏதோ பிடிவாதக்காரர்களின் விதி என்று முதலில் தோன்றும். உண்மையில் புதியவர்களுக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது. உங்களுக்குப் படம் வரையத் தெரியாதா? 8 × 8 புள்ளிகளில் ஒரு மனிதனை வரைய ஓவியர் ஆக வேண்டியதில்லை. தலைக்கு நான்கு புள்ளி, உடம்புக்கு ஆறு, கால்களுக்கு இரண்டு இரண்டு. கோலம் போடத் தெரிந்தவர்களுக்கு இது இன்னும் சுலபம். புள்ளிகளை எண்ணி இடம் பார்த்து வைக்கிற அதே வேலைதான். உங்கள் கம்ப்யூட்டரில் தனி கிராபிக்ஸ் கார்டு இல்லையா? தேவையே இல்லை. எல்லாவற்றையும்விட முக்கியமாக, அழகாக்குகிறேன் என்று நேரத்தை வீணடிக்கும் வாய்ப்பே கிடையாது. விளையாட்டு நன்றாக இருக்கிறதா, இல்லையா என்பது மட்டும் மிச்சம் நிற்கும்.

புள்ளி குறைவான திரையில் நல்ல விளையாட்டு சாத்தியமா என்று சந்தேகப்படுபவர்கள் பழைய நோக்கியா போனை நினைத்துப் பார்க்கட்டும். 3310 மாடலின் திரை 84 × 48 புள்ளிகள்தான், நிறமும் கிடையாது. அதில் பாம்பு விளையாடி பஸ்ஸைத் தவற விட்டவர்கள் எத்தனை பேர்! இன்னும் பின்னால் போனால், 1980ல் அடாரி 2600 கருவிக்கு வாரன் ராபினெட் எழுதிய அட்வென்ச்சர் விளையாட்டில் கதாநாயகன் வெறும் ஒரு சதுரம். அந்த கேம் முழுவதும் 4 கேபி கார்ட்ரிட்ஜில் அடங்கியது. அதே 1980ஆம் ஆண்டு வெளியான ரோக் விளையாட்டில் படமே இல்லை. திரையில் எழுத்துகள் மட்டுமே. விளையாடுபவர் ஒரு எழுத்துக் குறி. ஆனால் ஒவ்வொரு முறையும் புதிதாக அமையும் சுரங்கத்தில் இறங்கித் தேட வேண்டும். சாப்பிடாவிட்டால் பசி வந்து, பலவீனம் வந்து, மயக்கம் வரும். இன்று சர்வைவல் என்றும் எக்ஸ்புளோரேஷன் என்றும் பெயர் சூட்டி விற்கப்படும் விஷயங்களின் விதை அதில் இருக்கிறது. உயிரைக் காத்துக் கொள்ள வேண்டும், அதற்காகத் தெரியாத இடத்திற்குப் போக வேண்டும், அவ்வளவுதான்.

48 மணி நேரத்தில் ஓர் உலகம்

இந்த வகையில் எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் மினிகிராப்ட். மைன்கிராப்ட் விளையாட்டைப் பற்றித் தெரியாத பிள்ளைகள் இருக்க மாட்டார்கள். அதை உருவாக்கிய ஸ்வீடன் நாட்டுக்காரர் மார்கஸ் பெர்சன் 2011 நவம்பரில் அதன் முழுப் பதிப்பை வெளியிட்டார். உலகம் முழுக்கப் பேர் வாங்கிய கையோடு அடுத்த மாதமே என்ன செய்தார் தெரியுமா? லூடம் டேர் போட்டியின் 22ஆவது சுற்றில் சாதாரணப் போட்டியாளராக உட்கார்ந்தார். தலைப்பு "தனிமை". 48 மணி நேரத்தில் ஜாவா மொழியில் மினிகிராப்டை எழுதி முடித்தார்.

அதன் திரை 160 × 120 புள்ளிகள். அதை மூன்று மடங்கு பெரிதாக்கிக் காட்டினார். மரத்தை அடித்து வெட்ட வேண்டும். வேலை மேஜையில் அதை வைத்துப் பொருட்கள் செய்திட வேண்டும். பிறகு கோடரி, கடப்பாரை என்று கருவிகள். பிறகு பூமிக்கு அடியில் இருட்டில் விளக்கு வைத்துத் தோண்ட வேண்டும். மேலே வானத்தில் காற்று மந்திரவாதி ஒருவன் காத்திருப்பான். தரை, வானம், கீழே மூன்று சுரங்கம் என ஐந்து அடுக்கு. ஒவ்வொன்றும் 128 × 128 கட்டங்கள்.

இத்தனை பெரிய உலகத்திற்குப் படங்கள் எப்படி வரைந்தார்? இங்கேதான் ஒரு தந்திரம். எல்லாப் படங்களும் 8 × 8 புள்ளித் துண்டுகள். அதுவும் சாம்பல் நிறத்தின் நான்கே சாயல்களில். நிறத்தைப் புரோகிராம் பூசிக் கொள்ளும். ஒரே துண்டு ஓரிடத்தில் புல்லாகவும் இன்னோர் இடத்தில் வேறு நிறத்தில் வேறு பொருளாகவும் வரும். போட்டியின் விதிப்படி இதன் மூலப் புரோகிராமும் வெளியிடப்பட்டது. அதைப் படித்து, மாற்றி, கூட்டி, ரசிகர்கள் பல பதிப்புகள் கொண்டு வந்தார்கள். மைன்கிராப்டை உருவாக்கிய மொஜாங் நிறுவனத்தை 2014ஆம் ஆண்டு மைக்ரோசாப்ட் 250 கோடி டாலருக்கு வாங்கியது என்ற செய்தியைத்தான் நாம் பிள்ளைகளிடம் சொல்கிறோம். அதற்கு முன் அவர் இரண்டு நாளில் நான்கு சாயல்களை வைத்துக் கொண்டு உட்கார்ந்ததைச் சொன்னால் அவர்களுக்கு இன்னும் பயன்படும்.

இன்னொரு உதாரணமும் உண்டு. 2018ல் வெளிவந்து பல விருதுகள் பெற்ற செலஸ்ட் விளையாட்டு, 2015ல் இரண்டு பேர் நான்கு நாளில் பிகோ-8 என்ற மென்பொருளில் செய்த சின்ன விளையாட்டில் இருந்து வளர்ந்தது. பிகோ-8 திரை 128 × 128 புள்ளிகள், நிறங்கள் 16.

நாங்கள் செய்த தீவு

சரி, அக்கா வீட்டுக் கதைக்கு வருகிறேன். நான் போய்ப் பேசி ஓர் ஒப்பந்தம் போட்டேன். 15 நாள், தினமும் மாலை ஒன்றரை மணி நேரம். அந்த நேரத்தில் மட்டும் பீரோ திறக்கப்படும். விளையாடக் கூடாது, உருவாக்க மட்டுமே அனுமதி. 64 × 64 ஜாம் ஒன்றிற்கு ஒரு விளையாட்டை அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் கம்ப்யூட்டரை விற்பதற்கு நானே ஆள் பார்த்துத் தருவேன்.

பையன் முதல் நாளே ஒரு நோட்டு நிறைய எழுதி வைத்திருந்தான். ஏழு தீவுகள், டிராகன், கப்பல் சண்டை, பத்து வகை ஆயுதம், கடைசியில் ஒரு அரண்மனை. இதை நான் குறை சொல்லவில்லை. பல வருடங்களுக்கு முன் நானும் இப்படி ஒரு நோட்டு எழுதினேன். ஒரு வரி புரோகிராம்கூட எழுதாமல் அது பரணில் கிடக்கிறது. எனவே நோட்டை மூடி வைத்துவிட்டு ஒரே ஒரு வாக்கியம் எழுதச் சொன்னேன். "ஒரு தீவில் ஒதுங்கியவன், பசியும் குளிரும் தாங்கி, ஐந்து மரக்கட்டைகளைத் தேடி எடுத்து, கட்டுமரம் கட்டித் தப்பிக்க வேண்டும்." இந்த வாக்கியத்தில் இல்லாதது எதுவும் விளையாட்டில் இருக்கக் கூடாது. டிராகன் போய்விட்டது. பையனுக்குக் கண் கலங்கியது நிஜம்.

திரையை 8 × 8 புள்ளிக் கட்டங்களாகப் பிரித்தோம். அப்படிப் பார்த்தால் ஒரு நேரத்தில் 64 கட்டங்கள்தான் கண்ணுக்குத் தெரியும். கீழ் வரிசையைப் பசிக்கும் குளிருக்குமான கோடுகளுக்கு ஒதுக்கினோம். தீவின் வரைபடம் 64 × 64 கட்டங்கள். ஒரு கட்டத்திற்கு ஒரு பைட் என்றால் தீவு முழுவதும் 4 கேபி. புல், மணல், கடல், பாறை, தென்னை, சுள்ளி, தீ, மரக்கட்டை. இவ்வளவுதான் படங்கள். ஒரு மாலையிலேயே வரைந்து முடித்துவிட்டான்.

இரவு வரும்போது சுற்றிலும் இரண்டு கட்டம் மட்டும் தெரிய வேண்டும், மற்றதெல்லாம் கறுப்பு என்று வைத்தோம். நான்கு வரி வேலைதான். ஆனால் அதை முதன்முதலாக ஓட விட்டபோது இருவரும் சற்று நேரம் பேசவில்லை. வெறும் எட்டுப் புள்ளி மனிதன் இருட்டில் நிற்கிறான். கடல் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. பயமாகத்தான் இருந்தது. காட்டுவதைவிட மறைப்பதில் அதிக வேலை நடக்கிறது என்பதை அன்றைக்குப் பார்த்தோம்.

பசி என்பது ஓர் எண்

உயிர் பிழைக்கும் விளையாட்டின் உள்ளே எட்டிப் பார்த்தால், குறைந்து கொண்டே போகும் சில எண்கள்தான் இருக்கும். அந்த எண்களைச் சரியாக வைப்பதில்தான் எல்லாமே இருக்கிறது. இதைப் பள்ளிக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம்.

எங்கள் ஆள் ஒரு வினாடிக்கு இரண்டு கட்டம் நடப்பான். வயிறு 100 என்று தொடங்கி வினாடிக்கு 1 குறைகிறது என்று வைத்தோம். அப்படியானால் 100 வினாடி, 200 கட்டம் நடக்கலாம். தீவின் அகலமோ 64 கட்டம். இந்தக் கரையில் இருந்து அந்தக் கரைக்குப் போய்த் திரும்பி வந்தாலும் 128தான். சாப்பிடாமலே ஊர் சுற்றலாம்! பசிக்கு அர்த்தமே இல்லை.

மறுநாள் பையன் கோபத்தில் வினாடிக்கு 4 குறையும்படி மாற்றினான். 25 வினாடி, 50 கட்டம். தீவைக் கடப்பதற்குள் உயிர் போய்விட்டது. "செத்துச் செத்து விழுறான் மாமா" என்றான். கடைசியில் வினாடிக்கு 2 என்று வைத்தோம். 50 வினாடி, 100 கட்டம். ஒரு பக்கம் போகலாம். ஆனால் திரும்பி வர வேண்டுமானால் நடுவில் ஒரு முறையாவது சாப்பிட்டாக வேண்டும். "போகலாமா, வேண்டாமா?" என்று விளையாடுபவர் யோசிக்க ஆரம்பித்துவிட்டார் என்றால் விளையாட்டு பிறந்துவிட்டது என்று பொருள். கணக்கில் வேகம், காலம், தூரம் பாடத்தில் முட்டை வாங்கியவன், இந்தக் கணக்கை எனக்கு முன்னால் போட்டுவிட்டான். அதற்காக அடுத்த தேர்வில் நூறு வாங்கினான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பாடம் எதற்கு என்ற கேள்வி அவனிடம் இப்போது இல்லை.

அக்கா கேட்ட கேள்வி

பத்தாவது நாள், வேறு யாராவது விளையாடிப் பார்க்க வேண்டும் என்று நான் சொன்னேன். வீட்டில் இருந்தது அக்கா மட்டும்தான். வாழ்க்கையில் ஒரு கேம்கூடத் தொட்டதில்லை. பிடித்து உட்கார வைத்தோம். எந்தக் கீயை அழுத்த வேண்டும் என்பதை மட்டும் சொல்லிவிட்டு, வாயைத் திறக்கக் கூடாது என்று பையனுக்கு உத்தரவு.

அக்கா தென்னையில் இருந்து தேங்காய் எடுத்தார். சுள்ளி பொறுக்கித் தீ மூட்டினார். அதன் பக்கத்தில் ஆளை நிறுத்திவிட்டுக் கையை எடுத்துவிட்டார். பையனால் பொறுக்க முடியவில்லை. "அம்மா, அந்தப் பக்கம் போய்ப் பாரும்மா, கட்டை இருக்கு" என்றான். அக்கா நிதானமாகச் சொன்னார்: "இங்கேயே தீ இருக்கு, தேங்காய் இருக்கு. நான் எதுக்குடா அந்த இருட்டுக்குள்ள போகணும்?"

எங்களிடம் பதில் இல்லை. பத்து நாளாக இரண்டு பேர் பார்த்தும் கண்ணில் படாத ஓட்டை அது. நாங்கள் விளையாட்டுக்காரர்கள், தேடிப் போவது எங்களுக்குப் பழக்கம். அக்காவோ சாமான் கணக்குப் பார்த்துக் குடும்பம் நடத்துகிறவர். அவர் செய்ததுதான் புத்திசாலித்தனம். அன்றிரவே இரண்டு மாற்றம் செய்தோம். தீ 40 வினாடியில் அணைந்துவிடும்; பறித்த மரத்தில் அடுத்த காய் உடனே வராது. இருக்கும் இடத்தில் இருந்தால் தேய்ந்து போவோம் என்று ஆன பிறகுதான் தீவுக்கு மறுபக்கம் ஒன்று இருப்பதற்கே காரணம் கிடைத்தது. மறுநாள் அக்காவே வந்து, "அவனைக் கொஞ்சம் காட்டுடா, தீ அணைஞ்சிருக்கும்" என்று உட்கார்ந்தார். மூன்று கட்டை வரை எடுத்தார்.

இதில் தமிழ் எங்கே?

தமிழில் ஒரு விளையாட்டு செய்ய வேண்டும் என்ற ஆசையில் அறிவிப்புகளைத் தமிழில் எழுதப் பார்த்தோம். ஆங்கில எழுத்தை 3 × 5 புள்ளிகளில் எழுதிவிடலாம். இடைவெளி சேர்த்து ஒரு வரியில் 16 எழுத்து வரும். தமிழில் அது நடக்காது. 'ண' எழுத்தின் சுழிகளுக்கே அகலம் போதவில்லை. கொம்பும் காலும் சேர்ந்தால் இன்னும் மோசம். மெய்யெழுத்தின் புள்ளிக்கு ஒரு பிக்ஸெல் வைத்தால், அது மேலே உள்ள வரியோடு ஒட்டிக் கொள்கிறது. "பசிக்கிறது" என்ற ஒரே சொல் திரையின் முழு அகலத்தையும் எடுத்துக் கொண்டது.

கடைசியில் சொற்களையே எடுத்துவிட்டோம். பசித்தால் ஆள் வயிற்றில் கை வைப்பான். குளிர்ந்தால் ஒரு புள்ளி இடமும் வலமும் நடுங்குவான். எழுத்து இல்லாததால் யாருக்கும் மொழிபெயர்க்க வேண்டிய அவசியம் இல்லாமல் போனது. ஆனாலும் மிகச் சிறிய திரையில் தெளிவாகத் தெரியும் தமிழ் எழுத்துருவை யாராவது வரைந்து இலவசமாகத் தந்தால், அடுத்து வரும் பிள்ளைகளுக்குப் பெரிய உதவியாக இருக்கும். வாசகர்களில் ஆர்வம் உள்ளவர்கள் முயன்று பார்க்கலாம்.

எதை வைத்துச் செய்வது?

பணம் செலவழிக்க வேண்டியதில்லை. சிறு பிள்ளைகள் என்றால் 2007ல் எம்.ஐ.டி. வெளியிட்ட ஸ்கிராட்ச் போதும். கட்டங்களை இழுத்து ஒட்டினால் புரோகிராம் தயார். சற்றுப் பெரியவர்கள் டிக்-80 மென்பொருளை எடுத்துக் கொள்ளலாம். படம், வரைபடம், ஒலி, புரோகிராம் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். இன்னும் வளர வேண்டும் என்பவர்களுக்கு இலவசமாகவும் திறந்த மூலமாகவும் கிடைக்கும் கோடோ இருக்கிறது. இதில் புராஜெக்ட் செட்டிங்ஸ் பகுதிக்குச் சென்று, வியூபோர்ட் அகலத்தையும் உயரத்தையும் 64 என அமைத்திடவும். ஸ்ட்ரெச் மோட் என்ற இடத்தில் வியூபோர்ட் என்பதைத் தேர்ந்தெடுத்திடவும். டெக்ஸ்சர் பில்ட்டரை நியரெஸ்ட் என மாற்றிடவும். இதைச் செய்ய மறந்தால் புள்ளிகள் எல்லாம் குழைந்து, மூக்குக் கண்ணாடி இல்லாமல் பார்ப்பது போல் தெரியும்.

ஒலிக்கு எஸ்எப்எக்ஸ்ஆர் என்ற குட்டி மென்பொருள் உண்டு. பட்டனைத் தட்டினால் குதிக்கும் ஒலி, அடிக்கும் ஒலி, காசு எடுக்கும் ஒலி என்று தந்து கொண்டே இருக்கும். இதுவே 2007 டிசம்பரில் லூடம் டேர் போட்டியாளர்களுக்கு உதவ எழுதப்பட்டதுதான்.

சில எச்சரிக்கைகள்

ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் போல்டரைத் தேதி போட்டு ஒரு காப்பி எடுத்து, பென் டிரைவில் வைத்திடுங்கள். ஆறாவது நாள் மின்சாரம் போய், யூ.பி.எஸ். இல்லாத சிஸ்டம் அணைந்து, ஒரு மாலை முழுக்கச் செய்த வேலை எங்களுக்குப் போய்விட்டது.

இணையத்தில் கிடைக்கும் படத்தையும் பாட்டையும் எடுத்துப் போடாதீர்கள். அடுத்தவர் உழைப்பு அது. சில ஜாம்களின் விதிகளும் அனுமதிக்காது. முடித்த விளையாட்டைப் பிரவுசரில் ஓடும் வடிவில் கொடுங்கள். முன்பின் தெரியாதவர் அனுப்பும் இஎக்ஸ்இ பைலைத் திறக்க யாருக்கும் தயக்கம் இருக்கும், இருக்கவும் வேண்டும். பிள்ளைகள் அனுப்பும் பக்கத்தில் வீட்டு முகவரி, போன் எண் எதையும் போடாமல் பார்த்துக் கொள்ளுங்கள். 48 மணி நேரப் போட்டி என்பதற்காகத் தூங்காமல் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. தூங்கி எழுந்தவன் பத்து நிமிடத்தில் கண்டுபிடிக்கும் பிழையைத் தூங்காதவன் விடிய விடியத் தேடுவான்.

"இப்போது புரோகிராம் எழுதுவதற்கும் செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, பிறகு எதற்கு இந்தச் சிரமம்?" என்று சிலர் கேட்கிறார்கள். உண்மைதான். கேட்டால் எழுதித் தருகிறது. சில ஜாம்களில் அதற்குத் தனி விதி இருக்கும், படித்துக் கொள்ளுங்கள். ஆனால் என் அக்கா தீயை விட்டு நகர மாட்டார் என்பதை எந்த மென்பொருளும் எங்களுக்குச் சொல்லவில்லை. ஒருவரை உட்கார வைத்து, வாயை மூடிக் கொண்டு பார்த்தால்தான் அது தெரியும். "இதனால் வேலை கிடைக்குமா?" என்பது அடுத்த கேள்வி. கிடைக்கும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். தொடங்கியதை முடிக்கத் தெரிந்தவன், எந்த வேலைக்குப் போனாலும் அது அவனுக்கு உதவும்.

எங்கள் தீவு என்ன ஆனது என்று கேட்பீர்கள். கடைசி நாள் இரவு, கெடு முடிய இருபது நிமிடம் இருக்கும்போது அனுப்பினோம். முதல் வரிசை எதிலும் வரவில்லை. விளையாடிய சிலரில் ஒருவர், இரவில் கடலும் தரையும் ஒரே நிறமாக இருப்பதால் தண்ணீருக்குள் நடந்து செத்துப் போனதாக எழுதியிருந்தார். பையன் முதலில் முகம் வாடினான். பிறகு, "அவர் சொல்றது சரிதான் மாமா" என்று சொல்லிவிட்டுக் கடலுக்கு இரண்டு வெள்ளைப் புள்ளிகளை அலையாகச் சேர்த்தான். கீபோர்டு இப்போது பீரோவில் இல்லை. விளையாட்டு முழுக்க நின்றுவிட்டது என்று சொன்னால் அது பொய். இப்போதும் விளையாடுகிறான். ஆனால் அவ்வப்போது நிறுத்தி, "இந்த இடத்துல பசியை எவ்வளவு வச்சிருப்பான்?" என்று நோட்டில் குறித்துக் கொள்கிறான். விற்கும் பேச்சை அக்கா எடுப்பதில்லை.

உங்கள் வீட்டிலும் புதுக் கம்ப்யூட்டர் இருக்கிறதா? வரும் சனிக்கிழமை ஒரு சதுரத்தைத் திரையில் நகர்த்திப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை அதற்குப் பசி எடுக்கட்டும். அடுத்த வாரம் ஒரு தீவை அதைச் சுற்றி வரையுங்கள். முடிந்ததும் வீட்டில் கேமே விளையாடாத ஒருவரை உட்கார வைத்துப் பாருங்கள். அவர் என்ன கேள்வி கேட்டார் என்பதை எங்களுக்கு எழுதுங்கள்.